பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

மார்கழியில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே வீதி பஜனை புறப்பட்டுவிடும். கண்டியூரை அடுத்துக் குடமுருட்டிக் கரையில் இருக்கும் சிறிய ஊர் எங்களுடையது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்க்கால் ஷட்டர்களை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்ற என் பெரியப்பா, அந்தக் கோஷ்டியில் ஜால்ரா தட்டிக்கொண்டு முன்னால் போகிறவர். அந்த ஆண்டு அவர் போகவில்லை. ஆடிப்பெருக்கு கழிந்த நான்காம் நாள் பக்கவாதம் வந்து, வலக் கையும் வலக் காலும் விழுந்து, அதோடு பேச்சும் போயிருந்தது. கம்பளியைப் போர்த்தித் திண்ணையில் உட்காரவைத்திருந்தோம். கோஷ்டி வாசலில் வந்து நின்று பாடத் தொடங்கியதும், ஐந்து மாதங்களாக “அது... அது...” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத மனிதர், இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டு கடைசி வரி வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் பாடினார். பெரியம்மா அழுதுவிட்டார். கோஷ்டி அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் பெரியப்பா உள்ளே கையைக் காட்டி, “அது... அது...” என்றார். தண்ணீரா, காபியா என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினோம். அவருக்கு வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடி.

அன்று காலை இரண்டு பேச்சு எழுந்தது. “பாட்டு மட்டும் மணி மணியா வருது, நம்மகிட்ட பேசறதுக்கு மட்டும் என்ன வீம்பு?” என்றார் பக்கத்து வீட்டு அத்தை. “அதான் வாய் திறந்துடுச்சே, இனிமே எதுக்கு வாரா வாரம் தஞ்சாவூருக்கு அலையணும்?” என்றார் உறவினர் ஒருவர். இரண்டும் தவறு. முதல் பேச்சு பெரியப்பாவைப் புண்படுத்தியது. இரண்டாவது பேச்சை நம்பி நாங்கள் பேச்சுப் பயிற்சியை ஏறத்தாழ இரண்டு மாதம் நிறுத்திவைத்தோம். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த மாதங்கள் எவ்வளவு அருமையானவை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. பாட்டுக்கும் பேச்சுக்கும் மூளைக்குள் என்ன உறவு என்று முன்பே யாராவது எளிய தமிழில் சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதங்கள் வீணாகியிருக்காது என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு வந்ததற்குப் பெயர் அஃபேசியா. தமிழில் பேச்சிழப்பு என்றும் மொழியிழப்பு என்றும் எழுதுகிறார்கள். மொழியிழப்பு என்பதே பொருத்தம் என்பேன், ஏனென்றால் பழுதுபடுவது நாக்கோ தொண்டையோ அல்ல. நாக்கும் உதடும் வலுவிழந்து பேச்சு குழறுவது வேறு நோய்நிலை. அதில் மனதுக்குள் சொற்கள் சரியாகவே அமைந்துவிடும், வெளியே வரும்போதுதான் தெளிவிழக்கும். அஃபேசியாவில் சொல்லைத் தேடி எடுப்பது, சொற்களை வாக்கியமாகக் கோப்பது, பிறர் சொல்வதைப் பொருள்கொள்வது, படிப்பது, எழுதுவது ஆகிய மொழித்திறன்களே கூடியோ குறைந்தோ பாதிக்கப்படுகின்றன. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. அறிவு மங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பெரியப்பா அந்த நிலையிலும், வாசலில் போகிற வாய்க்காலில் தண்ணீர் மட்டம் குறைந்தால் கையை அசைத்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடப் பாதியில் குடியிருக்கிறது; வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அப்படித்தான். உடலின் வலப் பக்கத்தை இயக்குவதும் இட மூளைதான் என்பதால், வலக் கை விழுவதும் பேச்சு போவதும் பல வீடுகளில் ஒன்றாகவே நேர்கின்றன. 1861 இல் பால் புரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர், “டான்” என்ற ஒரே ஓசையை மட்டும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பிறகு ஆராய்ந்து, இட முன்மூளையில் பழுது இருப்பதைக் காட்டினார். அந்தப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். அங்கும் அதைச் சுற்றியும் அடிபட்டவர்கள் கேட்பதை ஓரளவு நன்றாகவே புரிந்துகொள்வார்கள், ஆனால் பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக, திக்கித் திக்கி வரும். 1874 இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்கு நேர்மாறான வகையை விவரித்தார். அதில் பேச்சு சரளமாகப் பெருகும், ஆனால் பொருள் இராது. பிறர் பேசுவதும் விளங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே வேறு பல வகைகளும் உண்டு.

முதல் வகைக்காரர்களிடம் இலக்கணம் உதிர்வதைத் தமிழில் கேட்டால் மனம் கனக்கும். “நேத்து நான் வாய்க்காலுக்குப் போனேன்” என்று சொல்ல முயன்று, “நேத்து... வாய்க்கா... போ...” என்று நின்றுவிடுவார்கள். தமிழ் போல் விகுதிகள் ஒட்டி ஒட்டி வளரும் மொழிகளில் விகுதி விடுபடுவதோடு, ஒரு விகுதி இருக்கவேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்வதும் உண்டு. பெரியப்பா பிற்பாடு சில சொற்களைச் சொல்லத் தொடங்கியபோது, “போனேன்” என்பதற்குப் “போறான்” என்றுதான் முதலில் வந்தது.

பாட்டு எப்படித் தப்பிப் பிழைத்தது என்ற கேள்வி மிகப் பழையது. 18 ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு விவசாயியின் மகனைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அந்த இளைஞருக்கும் வலப் பக்கம் செயலிழந்து பேச்சு அறவே போய்விட்டது. ஆனால் நோய்க்கு முன் கற்ற தேவாலயப் பாடல்களை அவர் தெளிவாகப் பாடினார். டாலின் கவனித்து எழுதிய ஒரு நுட்பம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தொடக்கத்தில் வேறொருவர் கூடப் பாடி எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. பெரியப்பாவும் இரண்டாவது வரியில்தான் சேர்ந்துகொண்டார்.

நெடுநாள் பாடிப் பாடிப் பதிந்த பாட்டு, நாம் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்கிற வாக்கியத்தைப் போன்றது அல்ல. 19 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் பேச்சை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கருத்தைச் சொல்வதற்காகச் சொற்களைத் தேர்ந்து அமைக்கும் பேச்சு ஒன்று; பழக்கத்தால் தானாக ஓடிவரும் பேச்சு மற்றொன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்வது, திடுக்கிட்டால் “முருகா” என்பது, கோபத்தில் வசைச் சொல் வருவது எல்லாம் இரண்டாவது வகை. அஃபேசியா வந்தவர்கள் பலரிடம் இவை மிஞ்சி நிற்கின்றன. மனப்பாடமான பாட்டும் பெரும்பாலும் இந்த வகையில்தான் சேர்கிறது. இதை நான் ஒரு நாள் பெரியப்பாவிடமே பார்த்தேன். அவர் தடையில்லாமல் பாடும் ஒரு பஜனைப் பாட்டின் மூன்றாம் வரியை மட்டும் பாடச் சொன்னேன். முடியவில்லை. முதல் வரியை நான் எடுத்துக்கொடுத்ததும் அங்கிருந்து ஓடி மூன்றாம் வரியைத் தாண்டிப் போய்விட்டார். எட்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளையிடம் நடுவில் “எட்டேழு எத்தனை?” என்று கேட்டால், அது மனதுக்குள் “ஓரெட்டு எட்டு” என்று முதலிலிருந்து தொடங்குமே, அதைப் போன்றதுதான். அந்த வரியில் இருந்த “தண்ணீர்” என்ற சொல் பாட்டுக்குள் அவர் வாயில் வந்தது. தாகம் எடுத்தபோது வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வீம்பு என்று நினைத்தது இதைத்தான்.

அப்படியானால் இசைத்திறனும் மொழித்திறனும் மூளையில் வெவ்வேறா, ஒன்றா? இந்தக் கேள்விக்கு இரண்டு இசையமைப்பாளர்களின் வாழ்க்கையை எதிரெதிராக வைத்துப் பேசுவது வழக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் விஸாரியன் ஷெபாலினுக்கு 1953 இலும் 1959 இலும் பக்கவாதம் வந்தது. பேச்சும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கடுமையாகப் பழுதான பிறகும் அவர் தொடர்ந்து இசை எழுதினார். தம் ஐந்தாவது சிம்பொனியை 1962 இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, முடித்தார். நரம்பியல் உளவியலறிஞர் அலெக்சாந்தர் லூரியா அவரை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் ராவெலுக்கு வந்தது பக்கவாதம் அல்ல, படிப்படியாக வளர்ந்த மூளை நோய். கடைசி ஆண்டுகளில் அவருக்கு மொழியும் தடுமாறியது, இசையை எழுத்தில் வடிப்பதும் கைவிட்டுப் போயிற்று. பிறர் வாசிப்பதில் உள்ள பிழையை மட்டும் கண்டுபிடிக்க முடிந்தது, மனதுக்குள் இசை ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவரிடம் இரண்டும் பிரிந்து நிற்கின்றன, மற்றவரிடம் இரண்டும் சேர்ந்து சரிகின்றன, அதுவும் முழுமையாக அல்ல. மறுபக்கத்திலும் சாட்சி உண்டு: பிறவியிலேயே சுருதி வேறுபாட்டை உணர முடியாதவர்கள் நூற்றுக்கு ஓரிருவர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் குறை தெரிவதில்லை.

அனிருத் படேல் என்ற ஆய்வாளர் 2003 இல் ஒரு விளக்கம் சொன்னார். மொழிக்கான சேமிப்பும் இசைக்கான சேமிப்பும் மூளையில் தனித்தனி. ஆனால் அடுத்தடுத்து வரும் சொற்களையோ சுரங்களையோ ஒன்றோடொன்று பொருத்தி ஒழுங்காக்கும் வேலைக்கு இரண்டும் ஒரே மூலவளத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவர் கருத்து. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்று ஷட்டரை இறக்கிவிட்டால் காவிரிப் பாசனம் நின்றுவிடாது. ஆனால் மேட்டூரில் தண்ணீர் இல்லையென்றால் எல்லாவற்றிலும் கடைமடை காயும். சொற்களின் கிடங்கு மட்டும் அடிபட்டால் இசை நிற்கலாம். கவனத்தை நிறுத்துவது, இப்போது கேட்டதைச் சற்று நேரம் மனதில் பிடித்துவைப்பது, ஒழுங்கை எதிர்பார்ப்பது போன்ற மேல்மடைத் திறன்கள் அடிபட்டால் இரண்டும் தளரும். உவமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது, மூளையில் வாய்க்கால்கள் ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை.

இந்தக் கருத்தைச் சோதிக்க 2008 இல் படேலும் அவரோடு சேர்ந்தவர்களும், இலக்கணம் பழுதான புரோகா வகை அஃபேசியா உள்ளவர்களுக்கு மேற்கத்திய இசைச் சுரக்கூட்டு வரிசைகளைப் போட்டுக் காட்டினார்கள். இசையின் ஒழுங்கு அடுத்து எது வரும் என்ற எதிர்பார்ப்பை எழுப்புவது அவர்களிடம் வழக்கமானவர்களைவிடக் குறைந்திருந்தது. மோகனத்தில் வளர்ந்த காது, நடுவே ஒரு மத்திமம் நுழைந்தால் துணுக்குறும் அல்லவா? அது போன்ற ஒரு துணுக்குறல் மங்கியிருந்தது என்று நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் வேறு ஆய்வில், பேச்சில் இலக்கணம் உதிர்ந்தும் இசை ஒழுங்கை உணர்வது கெடாமல் இருந்த ஒருவரும் பதிவாகியிருக்கிறார். எவெலினா ஃபெடரென்கோவின் குழு 2023 இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் மொழிக்கென்று வேலைசெய்யும் பகுதிகள், புரோகா பகுதியில் உள்ளவையும் சேர்த்து, இசையைக் கேட்கும்போது பெரிதாக எழும்பவில்லை என்று தெரியவந்தது.

இந்த முடிவுகளை ஒன்றை ஒன்று வெட்டுகிறவையாக நான் பார்க்கவில்லை. இசைத்திறன் என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. சுருதியைப் பிரித்தறிவது, தாளத்தைப் பிடிப்பது, ராகத்தின் ஒழுங்கை உணர்வது, தெரிந்த பாட்டை நினைவுகூர்வது, வாயால் பாடுவது என்று பல திறன்கள் அதில் அடங்கியிருக்கின்றன. மொழித்திறனும் அப்படியே. எந்த இசைத்திறனுக்கும் எந்த மொழித்திறனுக்கும் உறவு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். பயிற்சியும் கணக்கில் வரும்: 1974 இல் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சி பெற்ற இசைக்காரர்கள் மெட்டை அறிவதில் இட மூளையைக் கூடுதலாகச் சார்ந்திருப்பதாகக் காட்டியது. திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தினம் பாட உட்காரும் ஒரு வித்வானையும் எங்கள் பஜனைக் கோஷ்டிக்காரரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதற்கு இது ஒரு காரணம். சுரம் பாடுவதே சுரத்தின் பெயரைச் சொல்வதுதான். அங்கே சொல்லும் இசையும் ஒரே மூச்சில் வருகின்றன.

இனி, பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கு வர முடியுமா என்பது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகியோர் 1973 இல் ஒரு பயிற்சி முறையை அறிவித்தார்கள். இசையொலிப்புப் பயிற்சி என்று அதைச் சொல்லலாம். இதில் நோயாளிக்குத் தெரிந்த பாட்டு எதுவும் கிடையாது. அன்றாடம் வேண்டிய ஒரு சிறு தொடரையே இரண்டு சுரத்தில் வைத்துப் பாடுகிறார்கள். இரண்டு சுரங்களுக்கும் உள்ள இடைவெளி, நம் கணக்கில் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ளதுபோல் இருக்கும். அழுத்தம் விழும் அசை மேல் சுரத்தில் நிற்கும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக் கையால் ஒரு தட்டு.

தஞ்சாவூரில் எங்களுக்குக் கற்றுத்தந்த பேச்சுப் பயிற்சியாளர் “தண்ணி வேணும்” என்ற தொடரை எடுத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய இடக் கையைத் தம் கையால் பிடித்து மேசைமேல் மெல்லத் தட்டியபடி, முதலில் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனகினார். பிறகு “தண்-ணி-வே-ணும்” என்று பாடினார். ஆங்கிலத்தைப் போல் அசைக்கு அசை அழுத்தம் கூடிக் குறைவது தமிழில் அதிகம் இல்லாததால், நெடிலான “வே”யைத்தான் மேல் சுரத்தில் நிறுத்தி நீட்டினார். அடுத்து இருவரும் சேர்ந்து பாடினார்கள். பாதியில் பயிற்சியாளர் குரலைத் தாழ்த்திக்கொள்ள, மீதியைப் பெரியப்பா தனியே முடிக்க வேண்டும். அது வந்த பிறகு, பயிற்சியாளர் பாடி நிறுத்திச் சில நொடிகள் இடைவெளி விட்டுப் பெரியப்பா பாடுவது. அதற்கும் பிறகு, “என்ன வேணும்?” என்ற கேள்விக்கு விடையாக அதே தொடர். கடைசிப் படியில் மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, சாதாரணப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குக் கொண்டுவருவது. இவ்வளவையும் நான் எழுதிய வேகத்தில் செய்ய முடியாது. இந்த ஒரு தொடருக்கே மூன்று வாரம் ஆனது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. கோட்ஃப்ரீட் ஷ்லாகின் குழு 2009 இல் ஆறு நோயாளிகளுக்கு 75 அமர்வுகளுக்கு மேல் இந்தப் பயிற்சியைத் தந்து, காதுப் பகுதியையும் பேச்சை இயக்கும் பகுதியையும் இணைக்கும் நரம்புக் கற்றை வல மூளையில் தடித்திருந்ததைப் படமெடுத்துக் காட்டியது. அதன்படி, இட மூளையின் வேலையை வல மூளை கற்றுக்கொள்கிறது. பெஞ்சமின் ஸ்டால் என்பவரின் குழு 2011 இல் 17 பேரிடம் பாடுவதையும் மெட்டில்லாமல் தாளத்தோடு சொல்வதையும் ஒப்பிட்டபோது, மெட்டால் தனி நன்மை தெரியவில்லை; தாளமும், தொடர் எவ்வளவு பழகிப்போனது என்பதுமே கைகொடுத்தன. இசபெல் பெரெட்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006 இல் கண்டது இன்னொன்று: நோயாளி தனியே பாடும்போது பேசுவதைவிட அதிகச் சொற்கள் வரவில்லை, ஆனால் இன்னொரு குரலோடு சேர்ந்து பாடும்போது வந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசி முடிவு. சேர்ந்து பாடுவது எங்கள் பக்கத்தில் எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நடவு வயலில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும், பஜனையில் கோஷ்டி பின்பாட்டுப் பாடுவதும் அதே அமைப்புதான். தாளத்தையும் நாம் சொல்லாகவே வைத்திருக்கிறோம். “தகதிமி” என்று கையில் தட்டிச் சொல்லத் தெரியாத பிள்ளை தவில்காரர் தெருவில் இராது. ஆனால் இதை வைத்து, கோயிலில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் பேச்சு வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்த பாட்டைப் பாடுவது மனதுக்கு இதம், சேர்ந்திருக்கும் மகிழ்ச்சி, வாய்க்கும் மூச்சுக்கும் பழக்கம். 2008 இல் ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு மாதங்களில் தாங்கள் விரும்பும் இசையை நாள்தோறும் கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாக மீண்டன. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். தண்ணீர் கேட்பதற்கோ தண்ணீர் கேட்கும் தொடரைத்தான் பயில வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கும் எல்லை உண்டு. இட மூளையில் மட்டும் அடிபட்டு, கேட்பது ஓரளவு புரிந்து, பேச்சு மட்டும் வெளிவராமல் நிற்கிறவர்களுக்குத்தான் இது ஏற்றது. சரளமாகப் பேசியும் பொருளிழந்தவர்களுக்கு இது உதவாது. உதவுகிறவர்களிடமும் பயின்ற தொடர்கள் நன்றாக வருகின்றன. பயிலாத புதிய பேச்சுக்கு அந்தப் பயன் பரவுவது குறைவு. ஆகையால் எந்தத் தொடரைத் தேர்ந்தெடுப்பது என்பதை வீட்டார் அக்கறையோடு முடிவுசெய்ய வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பட்டியலை நாங்களே எழுதினோம், அதில் “எல்லாருக்கும் வணக்கம்” இருந்தது. பயிற்சியாளர் அதை அடித்துவிட்டு, “இவருக்கு ராத்திரில என்ன தேவைப்படும்னு அம்மாகிட்ட கேட்டு எழுதுங்க” என்றார். “கால் வலிக்குது”, “லைட்டை நிறுத்து”, “கண்ணாடி குடு” என்று பட்டியல் மாறியது. விருந்தாளி வரும்போதெல்லாம் “பெரியப்பா, பாடிக் காட்டுங்க” என்று சொல்வதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டோம். அவருக்கு அதில் இருந்த வெட்கம் எங்களுக்குப் பிந்தித்தான் புரிந்தது.

அடுத்த ஆனி மாதத்துக்குள் பதினோரு தொடர்கள் வந்துவிட்டன. சிலவற்றில் மெட்டு போய்விட்டது, திண்ணைப் பலகையில் இடக் கை தட்டுவது மட்டும் இருந்தது. ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றபோது, பட்டியலில் இல்லாத, யாரும் பயிற்றாத “கரண்டு போச்சு” என்பதை அவரே சொன்னார், மெட்டும் இல்லை, தட்டும் இல்லை. மறுவாரம் பெருமிதத்தோடு பயிற்சியாளரிடம் சொன்னோம். அவர் மகிழ்ந்தார், ஆனால் அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மூளை தானாகவும் ஓரளவு மீள்கிறது. முதல் மாதங்களில் வேகமாக, பிறகு மெல்ல. பயிற்சியால் வந்தது எது, தானாக மீண்டது எது என்று ஒரே மனிதரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். பயிற்சி பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் அது தெரியும் என்று விளக்கிவிட்டு, தம் நோட்டில் அந்தத் தொடரைத் தனிப் பக்கத்தில், தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.